வழிப்போக்கனுக்கு நாம் பட்ட கடன்

வழி அறிந்தவன் வழி அறியாதவனுக்கு அதைச் சொல்லக் கடமைப்பட்டவனா? கேட்டால் சொல்வது பண்பு; அதில் எவருக்கும் ஐயமில்லை. கேட்பதற்கு ஆளில்லாத இடத்தில், என்றோ ஒருநாள் வரப்போகும் முகமறியாத ஒருவனுக்காக முன்கூட்டியே சொல்லி வைக்கவும் வேண்டுமா? சொல்லாமல் விட்டதனால் அவன் தடம் தவறித் துன்புற்றால், அத்துன்பத்தில் நமக்கும் பங்குண்டா? அறநூல்களைக் கற்றுத் துறைபோகிய சான்றோர் முன்னிலையில் இவ்வினாவை எழுப்புவதற்கு எனக்குத் தகுதி குறைவு. ஆயினும் கல்வியால் எழுந்த வினா இதுவன்று. ஒரு கைகாட்டிப் பலகையைப் பார்த்து எழுந்தது. ஆகவே துணிந்து எழுதுகிறேன்.

2023-ஆம் ஆண்டு தை மாதத்தில் ஒருநாள், புழல் ஆதிநாதர் ஆலயத்தில் வழிபாடு முடித்துப் பொன்னேரியிலுள்ள உறவினர் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். அண்ணன் மகனும் உடன் வந்திருந்தான். பழவேற்காட்டு ஏரியில் பூநாரைகள் வந்திறங்கும் பருவம் அது. அவற்றைக் காண வேண்டும் என்பது அவன் விருப்பம். உறவினரிடம் இரண்டு மிதிவண்டிகள் இருந்தன. இருபது கிலோமீட்டருக்கு உட்பட்ட தொலைவு. மேடு பள்ளமில்லாத நிலம். வெயில் ஏறுமுன் போய்ச் சேரலாம் என்று விடியற்காலையில் புறப்பட்டோம்.

நெடுஞ்சாலையை ஒட்டிய வரையில் குறையொன்றுமில்லை. லாரி ஓட்டுபவர் தொலைவிலிருந்தே படிக்கும்படி உயரத்தில், பெரிய எழுத்தில் பலகைகள் நின்றன. ஊரைக் கடந்து, குறுக்கு வழி என்று ஒருவர் சொன்ன சிறு சாலையில் இறங்கிய பிறகுதான் தொல்லை தொடங்கியது. சாலை இரண்டாகப் பிரிந்த இடத்தில் ஒரு பலகை இருந்தது. அதன்மேல் ஒரு காதணி விழாச் சுவரொட்டி ஒட்டப்பட்டிருந்தது. அம்புக்குறியின் முனை மட்டும் கீழே தெரிந்தது. அது எந்த ஊருக்குரிய அம்பு என்பது தெரியவில்லை. அம்பு காட்டிய பக்கமே போனோம். சாலை மண்பாதையாகி, மண்பாதை இறால் பண்ணையின் கரையாகி, கரை உவர்நீரில் முடிந்தது.

தலையில் கூடையோடு எதிரே வந்த முதிய அம்மையார் ஒருவர் எங்களைப் பார்த்ததும் நின்றார். "நேரா போனா உப்புத் தண்ணிதான் ஐயா. திரும்பிப் போயி, மூணு பனை நிக்குற இடத்துல சோத்துக்கைப் பக்கம் திரும்புங்க" என்றார். திரும்பிச் சென்றோம். இரண்டு பனைகளே நின்றன. இதுதான் அவ்விடமா, இன்னும் அப்பால் இருக்கிறதா என்று அண்ணன் மகன் தயங்கினான். அருகில் சென்று பார்த்தால் மூன்றாவதன் அடிக்கட்டை கிடந்தது. என்றோ ஒரு புயலில் விழுந்திருக்கும். அந்த அம்மையாரின் நினைவில் அது இன்னும் நிற்கிறது! அவர் பொய் சொல்லவில்லை. நாள்தோறும் நடப்பவர்க்குப் பனையின் எண்ணிக்கை தேவையில்லை. கால் தானே திரும்பிவிடும். அறிந்தவர்க்கு அடையாளம் வேண்டுவதில்லை. அதனாலேயே அடையாளம் அழிந்திருப்பதும் அவர்கள் கண்ணுக்குப் படுவதில்லை. பலகையின் தேவையை உணர்பவன் அயலான். பலகை வைக்கும் அதிகாரமோ உள்ளூரில் இருக்கிறது. அயலானுக்கு அவ்வூரில் வாக்குரிமை இல்லை. இந்த முரண்பாட்டில்தான் நம் வினா வேர்கொண்டிருக்கிறது.

பண்டைத் தமிழில் கவர்த்துப் பிரியும் வழிக்குக் 'கவலை' என்று பெயர். மனத்துயருக்கும் அதே சொல். பிரிவு முனையில் நின்று எது வழியென்று திகைத்தவனுக்கு இவ்விரண்டும் வேறல்ல என்பது விளங்கும். சங்கத் தொகையுள் மலைபடுகடாம் என்னும் கூத்தராற்றுப்படை, நவிர மலைத் தலைவனாகிய நன்னனிடம் பரிசில் பெற்று மீண்ட ஒருவன், எதிர்ப்பட்ட கூத்தர்க்கு வழி சொல்வதாக அமைந்தது. வழியில் பன்றிக்கு வைத்த பொறி எங்கே, தினை காப்போர் எறியும் கவண்கல் எப்பக்கம் வரும், பாசி வழுக்கும் பாறை எது என்று ஒவ்வொன்றாக அவன் உரைக்கிறான். அவற்றினும் என் மனத்தைத் தொட்ட இடம் ஒன்றுண்டு. பல வழிகள் கூடும் சந்தியில், முன்னே செல்பவர்கள் புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்லவேண்டும் என்று அவன் அறிவுறுத்துகிறான். வழி கேட்டு நிற்பவனே, தான் கேட்டறிந்ததைப் பின்வருபவனுக்குப் புல்முடிச்சாக விட்டுச் செல்லவேண்டும். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட இந்த வழக்கத்தில் பொருட்செலவு சிறிதும் இல்லை. குனிந்து ஒரு முடிச்சுப் போடும் நேரமே செலவு.

நம்மவர்க்கு நெருக்கமான நூலொன்றும் இங்கு நினைவுக்கு வருகிறது. இளங்கோவடிகள் அருளிய சிலம்பில், கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு மதுரை நோக்கி நடக்கிறார்கள். நாடுகாண் காதையில் கவுந்தியடிகள் வழியின் இடர்களை எடுத்துரைக்கும்போது, நடப்பவர்க்கு வரும் துன்பத்தை மட்டும் சொல்லவில்லை. உதிர்ந்த மலருக்குள் வண்டு இருக்கும், வயல் வரம்பில் நண்டும் நத்தையும் இருக்கும், அறியாமல் மிதித்தால் அவற்றுக்குத் துன்பம் என்றும் சொல்கிறார். வழி காட்டுதலில் இரு பக்கமும் உண்டு என்பதை இதனினும் தெளிவாகச் சொன்னவர் எவருமிலர். நடப்பவனையும் காக்கவேண்டும், நடப்பவன் காலடியில் கிடப்பதையும் காக்கவேண்டும். முனிவர்க்குரிய ஐந்து சமிதிகளில் ஈர்யா சமிதியை முதலில் வைத்ததன் கருத்தும் இதுவே அன்றோ! இன்று நம் முனிவர்கள் வெறுங்காலோடு விகாரம் செய்யும் பாதைகள் பேருந்தும் லாரியும் விரையும் நெடுஞ்சாலைகளாகிவிட்டன. நான்கு முழம் முன்னே நோக்கி நடப்பவர்களைப் பின்னாலிருந்து வண்டி மோதிய செய்திகளை நாம் படித்திருக்கிறோம். பார்த்து நடப்பவனின் கவனம் ஒன்றே போதாது. பாதை அமைத்தவனின் கவனமும் அதனோடு சேரவேண்டும்.

பழவேற்காட்டுக்குத் திரும்புவோம். அன்று காலை நடந்ததில் முக்கியமான பகுதியை இன்னும் சொல்லவில்லை.

ஏரியும் கடலும் கூடும் முகத்துவாரத்திற்குப் போனோம். இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் சிலிகாவுக்கு அடுத்தபடி பெரியது பழவேற்காடு. அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. ஆரணியாறு, காளங்கியாறு, சுவர்ணமுகி ஆகியவற்றின் நன்னீர் ஒருபுறமும், வங்கக் கடலின் உவர்நீர் மறுபுறமும் வந்து கலக்கின்றன. மழைக்காலத்து வெள்ளம் முகத்துவாரத்தை அகலப்படுத்தும். கோடையில் மணல் தூர்ந்து அதைக் குறுக்கும். சில ஆண்டுகளில் அடைத்தே விடும். கடல் ஏற்றத்தின்போது உள்ளே புகுந்த நீர், இறக்கத்தின்போது அக்குறுகிய வாயில் வழியே வெளியேறும். மேற்பரப்பில் சிற்றலை கூட இருக்காது. அடியில் விசை இருக்கும்.

அண்ணன் மகன் செருப்பைக் கழற்றிவிட்டு முழங்கால் அளவு நீரில் இறங்கினான். கரையில் வலை செப்பனிட்டுக் கொண்டிருந்த ஒருவர், கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். "தம்பி, ஏறு மேல! பார்க்கச் சும்மா இருக்கும், அடியில இழுக்கும்" என்று சொல்லிக்கொண்டே அவன் தோளைப் பற்றி மேலே கொண்டுவந்தார். என்னை நோக்கி, "ஐயா, பெரியவங்க நீங்களாவது சொல்லக் கூடாதா?" என்றார். எனக்குத் தெரிந்தால் அல்லவா சொல்வதற்கு!

அப்போதுதான் சற்றுத் தொலைவில் ஓர் எச்சரிக்கைப் பலகை நிற்பதைக் கண்டேன். உப்புக்காற்று அதைத் தின்றிருந்தது. 'இங்கு' என்ற சொல்லும், 'மீறினால்' என்ற சொல்லும் எஞ்சியிருந்தன. என்ன செய்யக்கூடாது என்பது போய்விட்டது. செய்தால் தண்டனை உண்டு என்பது மட்டும் நின்றது. எந்த அலுவலகத்தார் வைத்தது என்று நான் ஆராயவில்லை. அவர்களைக் குறைசொல்வது என் நோக்கமுமன்று.

அவ்வேரியில் 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் சுற்றுலாவாக வந்தவர்கள் ஏறிச் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் உயிர் நீத்தனர். பெண்களும் குழந்தைகளும் அவர்களுள் இருந்தனர். அதன்பின் சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை விதிக்கப்பட்டது. அத்துயரத்துக்குப் பலகை இல்லாமை ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. சொல்வது உண்மையும் ஆகாது. அந்நீரின் இயல்பை அறிந்த ஓர் ஊரும், அறியாமல் வரும் ஒரு கூட்டமும் ஒரே கரையில் நிற்கின்றன என்பதையும், இருவருக்கும் இடையே ஒரு சொல் தேவைப்படுகிறது என்பதையும் மட்டுமே சொல்கிறேன்.

இனி நம் நெறி என்ன சொல்கிறது என்று பார்ப்போம். உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் இம்சைக்கு இலக்கணம் வகுத்தபோது உயிர்க்குக் கேடு செய்வது என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. பிரமாதத்தோடு கூடிய செயலால் உயிர்க்குக் கேடு செய்வது என்றார். பேச்சுவழக்கில் ஒன்றைப் 'பிரமாதம்' என்றால் மிகச் சிறப்பு என்று பொருளாகிவிட்டது. சாத்திரத்தில் அது சோர்வு, அசட்டை, விழிப்பின்மை. (இச்சொல் எவ்வாறு இப்படித் தலைகீழாயிற்று என்பதை மொழிநூல் வல்லார் யாரேனும் இவ்விதழில் எழுதினால் நன்று.) கொலை நோக்கம் இல்லாதவனும் விழிப்பின்மையால் இம்சைக்கு உள்ளாகிறான் என்பதே இவ்விலக்கணத்தின் உயிர்நாடி. விழிப்போடு நடந்தவன் காலில் எதிர்பாராமல் ஓர் உயிர் சிக்கினால் அவனுக்குப் பந்தம் இல்லை என்றும், அசட்டையாக நடந்தவன் காலில் எவ்வுயிரும் சிக்காவிடினும் அவனுக்குப் பந்தம் உண்டு என்றும் ஆசாரியர்கள் விளக்கியிருக்கிறார்கள். இவ்வளவுகோலால் அளந்தால், எழுத்தழிந்த பலகையைப் பார்த்தும் பாராமல் போன ஒவ்வொருவரும், அன்று எவரும் மூழ்காதிருந்தாலும், கணக்கில் வருகிறார்கள். பலகையின்மேல் சுவரொட்டி ஒட்டியவரும் வருகிறார். காதணி விழாவுக்கு உற்றாரை அழைத்தது மங்கலச் செயல்தான். அதற்கு மறைத்தது யாருடைய வழியை என்று அவர் நினைக்கவில்லை.

இங்கு ஒருவர் மறுக்கலாம். மூழ்கியவன் தன் வினைப்பயனால் மூழ்கினான். அதற்குப் பலகை என்ன செய்யும் என்பார். இம்மறுப்பை நம்மவர் வாயிலிருந்தே கேட்டிருக்கிறேன், கேட்கும்போதெல்லாம் வருந்தியிருக்கிறேன். அவன் வினை அவனுடையது, ஐயமில்லை. ஆனால் அவனைத் தடுக்கக் கூடிய ஒரு சொல்லை நான் அறிந்திருந்தும் சொல்லாமற் போனேனே, அது யாருடைய வினை? பிறன் கணக்கைக் காட்டி என் கணக்கை மூட முடியாது. வினைக்கோட்பாடு நம் கடமையைச் சுருக்கவில்லை. கடமை தப்பினால் தப்பிக்க இடமில்லை என்றுதான் சொல்கிறது.

வேறொருவர், வாயிருந்தால் வழியுண்டு, கேட்டுக்கொண்டு போகலாமே என்பார். பகலில், ஆள் நடமாட்டமுள்ள இடத்தில், உள்ளூர் மொழி அறிந்த ஆண்மகனுக்கு அது சரி. அந்திக்குப் பின் தனியே நடக்கும் பெண் யாரைக் கேட்பாள்? ஏரியின் வடகரையிலிருந்து வரும் தெலுங்கு மட்டும் அறிந்தவர் யாரைக் கேட்பார்? கைப்பேசியில் வரைபடம் இருக்கிறதே என்றால், இருக்கிறது. இறால் பண்ணைக் கரையையும் அது பாதை என்றே காட்டியது. முகத்துவாரம் இவ்வாண்டு எங்கே திறந்திருக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

நான்கு தானங்களை நாம் போற்றுகிறோம்: உணவு, மருந்து, சாத்திரம், அபயம். முதலிரண்டில் நம் குடும்பங்கள் குறைவைக்கவில்லை. சாத்திர தானம் என்றால் நூல் அச்சிட்டு வழங்குதல் என்றும், அபய தானம் என்றால் வெட்டக் கொண்டுபோகும் உயிரை மீட்டல் என்றும் கருதி நின்றுவிட்டோம். அறியாதவனுக்கு அறிவு தந்து, அவ்வறிவால் அச்சம் நீக்கும் கைகாட்டி ஒன்று, இவ்விரு தானங்களும் ஒன்றுகூடிய இடமென்று சொன்னால் தவறாகுமா? பெற்றவன் யார் என்று கொடுத்தவனுக்குத் தெரியாது. கொடுத்தவன் யார் என்று பெற்றவனுக்குத் தெரியாது. புகழுக்கு இடமில்லாத தானம் இது. கைகாட்டிக்கு நன்கொடையாளர் முன்வராததற்கும் அதுதான் காரணமோ என்னவோ.

ஆயினும் எல்லாப் பலகையும் தானம் ஆகிவிடாது. இரண்டு வகை உண்டு. ஒன்று, வருபவனைக் காக்க வைப்பது. மற்றொன்று, வைத்தவன் தன்னைக் காத்துக்கொள்ள வைப்பது. 'நாங்கள் எச்சரித்துவிட்டோம், இனி எங்களுக்குப் பொறுப்பில்லை' என்று பொருள்படும் பலகைகளை எங்கும் காணலாம். அவற்றில் தடை இருக்கும், காரணம் இருக்காது, மாற்று வழி அறவே இருக்காது. இங்கே குளிக்காதே என்பதோடு, அடியில் நீர் இழுக்கும் என்று இரண்டு சொல் சேர்த்து, எங்கே கால் நனைக்கலாம் என்று ஓர் அம்பும் இட்டிருந்தால், அண்ணன் மகன் இறங்கியிருக்க மாட்டான். அந்த மீனவர் ஒரே மூச்சில் தடையையும் காரணத்தையும் சொன்னார். பிறகு எங்களைக் கூட்டிச் சென்று கால் நனைக்கத்தக்க இடத்தையும் காட்டினார். தன்னைக் காத்துக்கொள்ளும் எண்ணம் அவருக்கு இல்லாததால் மூன்றும் இயல்பாக வந்தன.

நேர்மையான அடையாளத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு அப்பகுதியிலேயே இருக்கிறது. துறைமுகங்களில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டைப் பற்றி வானொலியில் கேட்டிருப்பீர்கள். எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களில் இத்தனையாம் எண் கூண்டு ஏற்றப்பட்டது என்றால், பழவேற்காட்டுக் குப்பங்களில் படகுகள் கரையேறிவிடும். பகலில் உருளை, கூம்பு ஆகிய வடிவங்களாலும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளாலும் அது பேசும். எழுத்தறியாதவனுக்கும் எம்மொழியினனுக்கும் அது பொது. ஒன்று முதல் பதினொன்று வரை எண்கள் உண்டு. பத்தாம் எண் பெரும் அபாயம். அப்படியானால் பதினொன்று அதனினும் கொடியதா என்று கேட்கத் தோன்றும். வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, மோசமான வானிலைக்கு இடமுண்டு என்று உள்ளூர் அதிகாரி கருதுகிறார் என்பதே பதினொன்றாம் எண்ணின் பொருள். எனக்குத் தெரியவில்லை, அஞ்சுகிறேன் என்று சொல்வதற்கும் ஓர் அடையாளம் வைத்திருக்கிறார்கள்! தன் அறிவின் எல்லையை அறிவிக்கும் இப்பண்பை, அநேகாந்தம் பேசும் நாம் வியக்காமல் இருக்க முடியாது. இடம் மாறிக்கொண்டே இருக்கும் முகத்துவாரத்தில், என்றும் மாறாத பலகையை நட்டுவிட்டுப் போவது இந்த நேர்மைக்கு மாறானது. சென்ற ஆண்டு உண்மையாக இருந்தது இவ்வாண்டு பொய்யாகலாம். எழுதிய நாளைப் பலகையின் கீழே குறித்திருந்தால்கூடப் பெரிதும் உதவும்.

பொன்னூர் மலையில் தவமியற்றியதாக நாம் வணங்கும் குந்தகுந்தாசாரியர், பஞ்சாஸ்திகாயத்தில் தரும திரவியத்தை விளக்கும்போது, மீனுக்கு நீர் போல என்கிறார். நீர் மீனைத் தள்ளுவதில்லை. நீந்த விரும்பும் மீனுக்குத் துணையாக நிற்கிறது. நேமிசந்திரர் திரவிய சங்கிரகத்தில் அதரும திரவியத்துக்கு வழிப்போக்கனுக்கு நிழல் போல என்று உவமை தருகிறார். நிழல் எவரையும் பிடித்து நிறுத்துவதில்லை. நிற்க விரும்புபவனுக்கு இடமாகிறது. நடையும் நிற்றலும் பற்றிய இவ்விரு உவமைகளையும் ஒரு நகரத்தின் நடைபாதை அமைப்பவர் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளலாம். நல்ல கைகாட்டி அதட்டாது, இழுக்காது. போக நினைப்பவன் போகவும், நிற்க நினைப்பவன் நிற்கவும் உதவும். திரவியங்கள் இயல்பாக உள்ளவை. கைகாட்டியை நாம் வைத்தால்தான் உண்டு. வேற்றுமை அது ஒன்றே.

பிற நாட்டார் இதில் என்ன செய்திருக்கிறார்கள் என்பதைச் சுருக்கமாகக் குறிக்கிறேன். லண்டன் மாநகரில் 2007 முதல் நடப்பவர்க்கென்றே தனிப் பலகைகள் நட்டார்கள். ஐந்து நிமிட நடையில் எதை அடையலாம் என்று ஒரு வட்டம் வரைந்து காட்டினார்கள். லாரிக்குக் கிலோமீட்டர், நடப்பவனுக்கு நிமிடம். ஒல்லாந்து நாட்டில் 1883-இல் மிதிவண்டி ஓட்டுவோர் சங்கமாகத் தோன்றிய அமைப்பு, 1919 முதல் முழங்கால் உயரத்தில் காளான் போன்ற கைகாட்டிகளைப் பாதையோரங்களில் வைத்தது. அண்டை நாடான பெல்ஜியத்தில் சுரங்கப் பொறியாளராக இருந்த ஹ்யூகோ போலன் என்பவர் 1995-இல், மிதிவண்டிப் பாதைகள் கூடும் சந்திகளுக்கெல்லாம் எண் கொடுத்து, அடுத்த எண் எப்பக்கம் என்று மட்டும் காட்டினால் போதும் என்னும் முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். எழுத்தும் மொழியும் வேண்டாத முறை. பின்னர் ஒல்லாந்தும் அதனை மேற்கொண்டது. நம் சென்னை மாநகராட்சியும் 2014-இல் நடப்போர்க்கும் மிதிவண்டியினர்க்கும் உரிய கொள்கை ஒன்றை ஏற்றது. சென்னைப் பெருநகர்ப் பகுதி 2022-ஆம் ஆண்டு ஆணையால் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிந்து, திருவள்ளூர் மாவட்டத்துப் பல ஊர்களையும் தன்னுள் வாங்கியது. நகரம் தன் பெயர்ப்பலகையை எடுத்துக்கொண்டு வடக்கே வருகிறது. குப்பங்களின் பெயர்கள் அப்பலகைகளில் இடம்பெறுமா என்பதைத்தான் பார்க்கவேண்டும்.

ஒல்லாந்தர் என்றதும் பழவேற்காட்டில் ஒரு கசப்பு எழாமல் இராது. 1613-இல் அவர்கள் கெல்டிரியாக் கோட்டையை எழுப்பியது இவ்வூரில்தான். அவர்களுடைய இடுகாடு இன்றும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. எலும்புக்கூடு செதுக்கிய கற்கள் வாயிலில் நிற்கின்றன. அன்று அண்ணன் மகன் அவற்றையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். துணி வாங்க வந்த அவ்வணிகர்கள், பதினேழாம் நூற்றாண்டில் இக்கரையிலிருந்து ஆயிரக்கணக்கான மனிதர்களை அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். அவர்களிடம் நல்ல வரைபடங்கள் இருந்தன. கரையடையாளங்களைத் துல்லியமாகக் குறித்து வைத்திருந்தார்கள். வழியறிவு மட்டும் அறமாகிவிடாது என்பதற்கு அக்கப்பல்களே சான்று. எதற்காக, யாரை, எங்கே கொண்டுசெல்லும் வழி என்ற கேள்வி உடன் வருகிறது.

அக்கேள்வி பூநாரைகளிடத்திலும் எழுகிறது. 'பறவைகளைக் காண இவ்வழி' என்று ஒரு நல்ல பலகை வைத்தால் கூட்டம் வரும். சேற்றில் அலகை நுழைத்து இரைதேடும் பறவை, ஆள் அரவம் கேட்டால் எழுந்து பறந்துவிடும். மீண்டும் மீண்டும் எழுப்பப்பட்டால் அதன் உடல் வலிமை வீணாகும். அங்கே வேண்டுவது 'இவ்விடத்தோடு நில்லுங்கள். இங்கிருந்தே தெரியும்' என்னும் பலகை. கவுந்தியடிகளின் எச்சரிக்கையை இக்காலத்திற்கேற்ப எழுதினால் அதுதான் வரும்.

மறைக்காமல் சொல்லவேண்டிய ஒன்று மீதமிருக்கிறது. எங்களைக் காத்தவர் மீன் பிடிப்பவர். வழி சொன்ன அம்மையாரின் கூடையில் இருந்ததும் மீன்தான். நாள்தோறும் உயிர் கொல்லும் தொழிலை உடையவரிடமிருந்து அபய தானம் பெற்றுக்கொண்டு திரும்பியவன் நான். அத்தொழிலை நான் அறம் என்று சொல்லமாட்டேன். அவ்வாறு சொல்வது நம் நெறிக்கு வஞ்சகம். ஆனால் அவர் வலையை வீசிவிட்டு ஓடிவந்த அக்கணத்தில் அவரிடம் பிரமாதம் இல்லை. அதே கணத்தில், பூச்சிக்கு அஞ்சி நீரை வடிகட்டிக் குடிக்கும் என்னிடம் அது இருந்தது. என் பிள்ளை எந்த நீரில் இறங்குகிறான் என்று நான் பார்க்கவில்லை. இதை எழுதாமல் விட்டால் இக்கட்டுரைக்கு மதிப்பில்லை.

விடைபெறும்போது அவரோடு சிறிது நேரம் பேசிக்கொண்டிருந்தோம். பழவேற்காட்டில் கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊரார் 'பாடு' என்னும் முறையை நெடுங்காலமாகக் கைக்கொண்டு வருகிறார்கள். நல்ல இடத்தை ஒருவரே பிடித்துக்கொள்ளாதபடி, இன்ன நாளில் இன்னாருக்கு இன்ன இடம் என்று முறைவைத்துப் பகிரும் ஏற்பாடு அது. அப்படியே இப்பலகைக்கும் முறைவைத்து எழுதலாமே என்றேன். அவர் சிரித்தார். "எழுதலாம் ஐயா. எங்களுக்குப் பலகை வேணாம், அதான் யாரும் எழுதல. உங்க ஊர்ல கோயிலுக்கு வழி எழுதி வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்லவில்லை. வந்தவாசிப் பக்கத்து எங்கள் ஊரில், குன்றின்மேல் பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர் திருவுருவம் ஒன்றுண்டு. தீர்த்தங்கரர் என்றாலே பிறவிக்கடலுக்குத் துறை வகுத்தவர் என்றுதானே பொருள்! அவரிடம் செல்லும் பாதைக்கு ஒரு கல்லும் நட்டதில்லை. ஊரார்க்கு வழி தெரியும், அவ்வளவுதான். சென்னையிலிருந்து குடும்பத்தோடு வந்த ஒருவர் உச்சி வெயிலில் மறுபக்கத்து முட்புதரில் ஏறி, பாதி வழியில் திரும்பிப் போனதாகச் சில ஆண்டுகளுக்கு முன் கேள்விப்பட்டு, பாவம் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனவன் நான். இத்தகைய குன்றுகள் சிலவற்றுக்குப் பெயரே மாறிவிட்டது. ஆர்க்காட்டுக்கு அருகே சமண முனிவர் உறைந்த மலை இன்று பஞ்சபாண்டவர் மலையாக அறியப்படுகிறது. எழுதி வைக்காத பெயரை யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம்.

ஊர் திரும்பியதும் உறவினர் நால்வரோடு பேசினேன். பாதை பிரியும் மூன்று இடங்களில் முழங்கால் உயரக் கல் நட்டோம். நடந்தால் எத்தனை நிமிடம், எங்கே நிழல், எங்கே குடிநீர், எந்தப் பாறை மழையில் வழுக்கும் என்று எழுதினோம். பாறைப் பொந்தில் தேன்கூடு இருக்கும் இடத்தில் அம்பை விலக்கிப் போட்டோம். கீழே எழுதிய நாளையும் குறித்தோம். வெள்ளைச் சுண்ணாம்பில் கறுப்பு எழுத்து. ஒரு மழைக்குக்கூடத் தாங்கவில்லை. பிறகு கல்லிலேயே கொத்திவிட்டோம். மாறக்கூடியதை மட்டும் வண்ணத்தில் எழுதுகிறோம். மழைக்கு முன் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை ஏறிப் பார்ப்பதென்று ஐந்து வீட்டாரும் முறைவைத்திருக்கிறோம். இவ்வாண்டு ஐப்பசியில் முறை எங்கள் வீட்டினுடையது. வண்ணமும் தூரிகையும் வாங்கிவர அண்ணன் மகனிடம் சொல்லியிருக்கிறேன்.